ஸ்டெப்னி மாட்டியவன்

சின்னவளின் அம்மாவுக்கு,

இதை வக்கீல் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். படித்ததும் கிழித்துவிடு.

நான் நன்றாக இருக்கிறேன். உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவனைத் தீவிரவாதி என்கிறார்கள். கேட்டால் உனக்கே சிரிப்பு வரும்.

லாரியில் நான் ஏற்றியதெல்லாம் வெங்காயம்தான். போதைப் பவுடர் இருந்தது ஸ்டெப்னி டயருக்குள். "பவுடர் கேஸுக்கு ஜாமீன் உண்டே சார்?" என்று கேட்டேன்.

"அது போன வருஷம். பவுடர் வித்த காசுலதான் தீவிரவாதிங்க குண்டு வாங்குறானுங்க. புதுச் சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஜாமீன்ங்கிற பேச்சே கிடையாது" என்றார் அதிகாரி.

அந்த டயரை மாட்டியவன் பெயரைச் சொன்னால் என்னைச் சாட்சியாக்கி வெளியே விடுவார்களாம். அவன் என் இடத்துக்கு வருவான். வழியில் எங்கோ பஞ்சர், கடை நினைவில்லை என்றே சொல்லி வருகிறேன். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மறக்குமா? நம் வாசலில்தானே மாட்டினான். "புது டயர் மச்சான், சும்மா வெச்சுக்கோங்க" என்றான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பிறகு கிரீஸ் கையோடு உன்னிடம் வந்து, "அக்கா, தண்ணி ஊத்துக்கா" என்று நின்றான். நீ ஊற்றினாய். சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டிய அதே கை.

சின்னவள் தினமும் வாசலுக்கு ஓடி லாரியைத் தேடுகிறாளாமே.

திங்கட்கிழமை மறுபடியும் விசாரணை. டயரை மாட்டியது யாரென்று எனக்கு நினைவு வரட்டுமா, வேண்டாமா? வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. உன்னிடம் கேட்கக் கூடாததுதான். ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ எதைச் சொன்னாலும், அது நானே எடுத்த முடிவாக இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்