லிஃப்டில் ஒரு பிணம், ஒரே வாக்கியத்தில்

சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் நீ கேட்கப் போவதில்லை.

உன் கதையைப் படக் கம்பெனி வாங்கிக்கொண்டதை, நீ சொல்லும் முன்பே பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொல்லிவிட்டார். சந்தோஷம். எனக்குப் பொறாமை என்று உன் அண்ணி போனில் சொன்னாளாமே. பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு, கிரீஸ் போகாத கையோடு உட்கார்ந்து, யாரிடமும் படிக்காமல் நானே திரைக்கதை எழுதக் கற்றேன். அதை டைப் அடித்துக் கொடுத்தவள் நீ. அடித்தவளுக்குப் படம், எழுதியவனுக்கு முதுகுவலி. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

அதே கம்பெனிக்கு நானும் போனேன். கதை கேட்கிற பெண் என் திரைக்கதைக் கட்டைப் பிரிக்கவே இல்லை. கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னாள். லிஃப்டுக்குள் ஒருவர் செத்துக் கிடக்கிறார், கொன்றது லிஃப்ட் மெக்கானிக்கின் தம்பி என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டாள். "அதான் தெரிஞ்சுபோச்சே சார், இனிமே என்னத்தப் பாக்குறது?"

தம்பிதான் கொலைகாரன் என்பது கடைசிக் காட்சியில் தெரிவதுதானே என் கெட்டிக்காரத்தனம். நகையை உள்ளே பூட்டிவிட்டுப் பெட்டியையா காட்டுவார்கள்? இதை அவளிடமே கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல வாக்கியமாக ஒன்று அனுப்பினால் கட்டைப் படிப்பதாகவும், இல்லையென்றால் மறுபடி அலைய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். இன்னொரு கம்பெனிப் படி ஏற எனக்குத் தெம்பு கிடையாது.

வீட்டில் உன் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். கொலைகாரனைச் சொன்னால் அந்தப் பெண் சொன்னதையே சொல்கிறாள். மறைத்து, லிஃப்டில் ஒரு மர்மம் என்றால், நம் மாடி லிஃப்ட் ஓடுவதே மர்மம்தான் என்கிறாள்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. நான் கேட்கவில்லை. உளவு சொன்னவள் யார் என்று தெரியும். நீ எழுதியிருந்தாய்: ‘தான் பழுது பார்த்த லிஃப்டில் ஒருவர் இறந்துகிடக்க, பழியிலிருந்து தப்ப உண்மையைத் தேடும் மெக்கானிக், ஒவ்வொரு தடயமும் தன் தம்பியின் வாசலுக்கே போவதைக் காண்கிறான்.’

சத்தமாகப் படித்தேன். உன் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஐயையோ, அப்ப தம்பியக் காட்டிக் குடுத்துருவானா?" என்றாள். என் கதைதான். நான் சொல்லி அவள் ஒருநாளும் அடுப்பை அணைத்ததில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. கோபமில்லை, பசியில்லை.

இரவல் சட்டை எனக்கு ஆகாது, உன் வாக்கியத்தை அனுப்பமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். இன்று காலை அனுப்பிவிட்டேன். ஆனால் ஒரு சொல்லை மாற்றினேன். தம்பியை எடுத்துவிட்டுத் தங்கை என்று போட்டேன். நமக்குத் தம்பி கிடையாது. இல்லாத தம்பியைப் பிடித்துக்கொடுக்க யாருக்குக் கை நடுங்கும்?

மத்தியானமே அந்தப் பெண் கூப்பிட்டு, கட்டைக் கொண்டுவரச் சொன்னாள். கட்டுக்குள் இருப்பதோ தம்பி. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். முடிவு தெரியாமல் இதுவரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது மெக்கானிக் அவளைக் காட்டிக்கொடுப்பானா, பழியைத் தானே சுமப்பானா, எனக்கே தெரியவில்லை. அந்தத் தங்கை பேசுவதும் சரியாக வரமாட்டேன் என்கிறது. யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி மரியாதையாகப் பேசுகிறாள்.

உன் பட வேலைக்கு நடுவில் ஒருமுறை வந்து போ. டைப் அடிக்க அல்ல, அதற்குக் கடை இருக்கிறது. எதிரே உட்கார்ந்து என்னோடு சண்டை போடு, எழுதிக்கொள்கிறேன்.

உன் படம் நன்றாக ஓடட்டும். என் படத்தைவிட ஒரு வாரம் குறைவாக ஓடினால் போதும்.

இப்படிக்கு,
பொறாமை இல்லாத உன் அண்ணன்