அரை வரிக்காரி

ஜூன் 3, செவ்வாய்

கருப்பட்டி மூடை வந்து இறங்கியது. பாதி இளகிப் போயிருக்கிறது. கொண்டுவந்தவனிடம் சண்டை போட்டு முடிப்பதற்குள் கடைப் போன் விடாமல் கிணுகிணுத்து உயிரை வாங்கிவிட்டது. எல்லாம் ஊர் வாட்ஸப் குரூப்.

இது என் வீட்டுக்காரர் நம்பர். அவர் போய் மூன்று வருடம் ஆகியும் வாடிக்கைக்காரர்களுக்காக மாற்றாமல் வைத்திருக்கிறேன். பெயர் 'தங்கதுரை ஸ்டோர்', படம் திருச்செந்தூர் முருகன். கோயில் செயலாளர் பேச்சிமுத்து வரிப் புத்தகத்தைப் பார்த்து குரூப் ஆரம்பித்தபோது இதையும் சேர்த்துவிட்டான். ஊர்க் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் கோயிலுக்கு முழு வரி கொடுக்கிற ஆம்பிளைகளுக்குத்தான் உரிமை. புருஷனை இழந்தவளுக்கு அரை வரி. புத்தகத்தில் 'தங்கதுரை (மனைவி)' என்று இருக்கும். அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பவள் நான். கூட்டத்தில் எனக்கு இடம் கிடையாது, குரூப்பில் மட்டும் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வசூலாகிற வரியில் மிஞ்சுவதை வைத்து ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டப் போகிறார்களாம். ஊர்த் தலைவர் காசிலிங்கம் அத்தான் குரல் பதிவில் நீளமாகப் பேசியிருக்கிறார். என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன்தான். பேசச் சொன்னால் நிறுத்தத் தெரியாது. நடுவில் ஒருவன் தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்டான். அதற்குப் பதில் இல்லை. யாரோ பூப்படம் போட்டு காலை வணக்கம் சொன்னார்கள்.

வளைவாம். ஊர் மண்டபத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆவணியில் என் மகள் ஜெயபிரியா கல்யாணம் அங்கேதான். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு நான் கதவு பிடிக்கவா?

ஜூன் 5

எழுதிவிட்டேன். அவர் நம்பரில் இருந்தே. "வளைவு அப்புறம் கட்டலாம். முதலில் மண்டபத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள்."

மும்பையில் கடை வைத்திருக்கும் ஒருவர்: "கரெக்டா சொன்னீங்க அண்ணாச்சி." கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கைதட்டினார். இன்னொருவர், "இப்படித் தைரியமாப் பேசுத ஆளுதான் ஊருக்கு வேணும்." வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கடையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அண்ணாச்சியாம். அரிசி அளந்துகொண்டே சிரித்தேன்.

ஜூன் 6

அத்தான் கேட்டார்: "தங்கதுரை செத்து மூணு வருசமாச்சு. இது யாரு பேசுதது?"

"நான் உமாராணி" என்று போட்டேன்.

கைதட்டியவர் கைதட்டலை அழித்துவிட்டார். ஏன்யா, நேற்றைக்கும் இன்றைக்கும் தாழ்ப்பாள் மாறிவிட்டதா? மத்தியானம் குரூப்பில் ஒரு அறிவிப்பு: இனி அட்மின் மட்டுமே எழுத முடியும். முன்பெல்லாம் கூட்டத்தில் தலைவர் பேசினால் பின்வரிசையில் நாலு பேராவது முணுமுணுப்பார்கள். இப்போது முணுமுணுப்பையும் ஒரே அமுக்கில் நிறுத்திவிடலாம்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தான் கடைக்கே வந்தார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஏளா உமா, என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் செய்ய மாட்டேனா?"

"ரெண்டு வருசமாச் சொல்லுதேன் அத்தான்."

"அதுக்காக ஆம்பிளைங்க பேசுத எடத்துல, செத்தவன் பேர்ல வந்து பேசுவியா? கோயில் வாசல்ல நின்னு தப்புன்னு சொல்லு. அதுவரைக்கும் ஒன் வரிய வாங்கக் கூடாதுன்னு முடிவாயிருக்கு."

எங்கள் ஊரில் தள்ளிவைத்தோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வரி வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். வரி இல்லையென்றால் கொடையில் பிரசாதம் இல்லை, மண்டபம் இல்லை. குரும்பூர் சம்பந்தி கேட்கப்போகிற முதல் கேள்வி, "ஏன் உங்க ஊர் மண்டபத்துல வைக்கல?" இதற்கு நான் என்ன சொல்ல? தாழ்ப்பாள் கேட்டேன், அதனால் என்றா?

ஜூன் 15, ஞாயிறு

ஜெயபிரியா தூத்துக்குடியில் ஹார்பர் பக்கம் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் மண்டபத்துக் கதவை வீடியோ எடுத்து, நடந்ததைச் சொல்லி நெட்டில் போட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தாம்மா பயப்படுவாங்க" என்கிறாள்.

ஜூன் 17

நாலு பேர் இல்லை. ஊர் உலகமே பார்த்திருக்கிறது. எவனோ அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட, கீழே வந்து விழுகிற பேச்சைப் படித்தால் சோறு இறங்கவில்லை. காட்டுமிராண்டி ஊராம். எங்கள் அம்மனைப் பற்றி ஒருவன், எங்கள் சாதியைப் பற்றி ஒருவன். ஜெயபிரியா மூக்கைப் பற்றி ஒருவன். தாழ்ப்பாளைப் பற்றி ஒருவனும் இல்லை.

என் ஊரை நான் ஏசுவேன். எனக்கு உரிமை இருக்கு, கொடுத்த அரை வரிக்காவது இருக்கு. நீ யாருல?

ஜூன் 18

அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 29

கோயில் வாசலில் நின்று சொல்லிவிடலாமா? ஒரு நிமிட வேலை. பிள்ளை கல்யாணத்துக்காக எதையெல்லாமோ விழுங்கியாயிற்று. ஆனால் எது தப்பு என்று சொல்வது? வாய் வர மாட்டேன் என்கிறது.

ஜூலை 3

வெளியூர்க்காரர்கள் வரி கட்ட வசதியாக பேச்சிமுத்து குரூப்பில் ஸ்கேன் பண்ணுகிற கட்டம் போட்டிருக்கிறான். செத்தவரை எப்படி நீக்குவது என்ற கூச்சத்தில் எங்கள் நம்பரை இன்னும் அவன் எடுக்கவில்லை.

போன வருடம் மும்பைக்காரர் ஒருவர் தவறுதலாக இரண்டு தடவை வரி அனுப்பிவிட்டு ஒன்றைத் திருப்பிக் கேட்டார். அத்தான் கொடுக்கவில்லை. அம்மன் கையில் விழுந்ததைத் திருப்பினால் ஊருக்கு ஆகாது என்று சட்டம் பேசினார்.

அத்தானே சொன்னதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்குக் கூட்டம். கோயிலுக்கு எதிரே கடை என்பதால் மைக்கில் பேசுவதெல்லாம் கேட்கும். மேஜை மேல், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுகிற பெட்டியை வைத்திருந்தார்கள். நம்ம தெரு சீனித்தாயும் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். அவளும் அரை வரிதான்.

"தங்கதுரை வீட்டு வரிய நிறுத்தி வச்சிருக்கு" என்று அத்தான் ஆரம்பித்தார். என் சொந்தப் போனில் இருந்து முழு வரியை அனுப்பினேன். குறிப்பில் 'உமாராணி, முழு வரி' என்று போட்டேன். பெட்டி பணம் வந்ததைச் சொன்னது. அதுவும் பொம்பிளைக் குரலில். அந்தக் கூட்டத்தில் இதுவரை கேட்காத குரல்.

அத்தான் மறுபடி ஆரம்பித்தார். சீனித்தாயும் முழு வரி அனுப்பினாள். பெட்டி மறுபடி பேசியது. விஷயம் பரவி, மேலத் தெரு அரை வரிக்காரிகளிடமிருந்தும் பணம் வர ஆரம்பித்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அந்தச் சனியன அணைல" என்றார் அத்தான், மைக்கை அணைக்க மறந்து.

ஜூலை 9

அத்தான் வந்தார். இந்தத் தடவை காபி குடித்தார்.

"அம்மன் கையில விழுந்துட்டு. திருப்ப முடியாது. மண்டபத்த எடுத்துக்க. குரூப்லயும் சேத்துக்கிடச் சொல்லுதேன். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு பேருதான். ஒன் பேரு ஏறணும்னா அவன் பேரு எறங்கணும். புத்தகத்துலயும், போன்லயும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. அத்தானும் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூலை 10

போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

ஜூலை 12

அமுக்கிவிட்டேன். 'தங்கதுரை ஸ்டோர் வெளியேறினார்' என்று வந்தது.

அவர் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்கு அழுகை வரவில்லை. ஆக வேண்டிய வேலை இருந்தது. இன்றைக்குக் கடையில் ஆள் நிற்க நிற்க அழுதேன். பருப்பு வாங்க வந்த பிள்ளை பயந்து போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் என் சொந்தப் போனில் என்னைக் குரூப்பில் சேர்த்த அறிவிப்பும் வந்தது. ஜெயபிரியா சாயங்காலம் போன் பண்ணினாள், சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாக. "அப்பா பேரை எடுத்துட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கொடை நல்லபடியாக முடிந்தது. வளைவும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துப் போட முடியவில்லை என்று மும்பைக்காரர்கள் சடைத்துக் குறைப்பட்டதால் குரூப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

காலையில் என் பெயரில், என் நம்பரில் போட்டேன்: "மண்டபத்தில் தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. அடுத்த வாரம் கல்யாணம்."

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் வரை பதில் இல்லை. யாரோ பூப்படம் போட்டு மாலை வணக்கம் சொன்னார்கள். தெருவிளக்குக் கேட்டவனுக்கு ஆன அதே கதி.

கல்யாண லீவில் வந்திருக்கும் ஜெயபிரியா எட்டிப் பார்த்தாள். "இதுக்காம்மா அப்பா பேரை எடுத்தீங்க?"

"இதுக்குத்தான்" என்றேன்.

நாளைக் காலையில் மறுபடி போடணும்.