வாயடைத்த கம்ப்யூட்டர்

மரியநாதபுரம், திண்டுக்கல்
9 அக்டோபர் 2024

அன்புள்ள ரொனால்டு அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் என் கம்ப்யூட்டர் வாயடைத்துக் கிடக்கிறது. உன் கப்பலுக்கு எழுத்து மட்டும்தான் வந்து சேரும் என்பதால் போனில் பேசிப் பேசியே இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் போனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை விழுந்த இடியில் மதர்போர்டு போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கிற பாண்டியராஜ் வந்து புதுசு மாட்டிக் கொடுத்தார். ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது. நெட் இல்லை, சத்தமும் இல்லை. கண் தெரிகிறவர்களுக்குச் சத்தம் போனால் பாட்டுதான் போகும். திரையில் இருப்பதை அது வாசித்துச் சொன்னால்தான் எனக்கு அது கம்ப்யூட்டர், இல்லையென்றால் சூடான தகரப்பெட்டி.

"இம்புட்டுப் பழைய லினக்ஸுக்கு இந்தப் போர்டோட டிரைவர் கிடையாதுக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற போட்டுத் தாரேன்" என்கிறார் பாண்டியராஜ். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை. டாக்டர்கள் பேசி அனுப்புவதைத் தட்டச்சு செய்ய நிறுத்தி நிறுத்திக் கேட்கிற கால் பெடல், நான் வருஷக்கணக்காகச் சேர்த்த சுருக்கெழுத்துகள், எல்லாம் அந்தப் பழசில்தான் ஓடுகின்றன. அதை மாற்றவே கூடாது என்று கட்டளை போட்டவனும் நீதான்.

எனக்கு இந்த வேலை தருகிற மதுரைக் கம்பெனியில் 21ஆம் தேதி, திங்கட்கிழமை வரை பொறுப்பார்களாம். அதற்குள் நான் தட்டச்சுக்கு உட்காராவிட்டால் என் டாக்டர்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலை இருக்கிற வரைக்கும்தான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாம், இல்லாவிட்டால் சேவுகம்பட்டிக்கு, ஜெயமேரி சித்தி வீட்டுக்கு என்று அம்மாவை அடக்கம் செய்த வாரமே நீ சொன்னாய். சித்தி நல்லவள்தான். ஆனால் அங்கே தண்ணீர் டம்ளரைக்கூட என் கையில் தரமாட்டாள், வாயில்தான் ஊற்றுவாள். பயமாக இருக்கிறது அண்ணா.

உன் தங்கை,
அனிஷா

---

கடலில்
11 அக்டோபர்

அன்புத் தங்கை அனிஷாவுக்கு,

முதலில், பாண்டியராஜை எதையும் அழிக்க விடாதே.

உன் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் 2018ஆம் வருஷத்தது. போர்டு போன வருஷம் வந்திருக்கும். அதில் இருக்கிற நெட் சிப்பும் சவுண்டு சிப்பும் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. பழைய லினக்ஸுக்கு அவற்றை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அவற்றை இயக்குகிற டிரைவர் மென்பொருளை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இறக்க நெட் இல்லையே என்பாய். உன் போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டு, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணு. போனின் நெட்டைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதற்குப் புது டிரைவர் தேவையில்லை.

திரையை வாசிக்க ஆள் வேண்டும். பாண்டியராஜிடம் ஒரு மானிட்டர் இரவல் கேள். பக்கத்து வீட்டுக் காதர் பீவி அக்கா இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள் அல்லவா, அவளை உட்கார வை. அடிக்க வேண்டிய கட்டளைகளைத் தனிக் கடிதமாக அனுப்பியிருக்கிறேன். சிப் நம்பரை எனக்கு எழுது.

நெட் வந்ததும் நான் தூரத்திலிருந்து உன் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வழி வேலை செய்கிறதா என்று பார்த்து வை. இருபத்து மூன்றாம் தேதி கொழும்பு. அங்கே எனக்கு நல்ல நெட் கிடைக்கும், மீதியை நானே முடித்துவிடுவேன்.

சித்தியிடம் மாடி அறையை ஒழித்துவைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். முன்னெச்சரிக்கைதான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்,
ரொனால்டு

---

திண்டுக்கல்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

காலைப் பூசைக்குக்கூடப் போகவில்லை. காதர் பீவி அக்கா தையலைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் அடிக்க அடிக்க அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பாஸ்வேர்டு கேட்டபோதுதான் பதறிவிட்டாள். "ஏத்தா, நீ அடிக்கிறது ஒண்ணுமே வரலையே, கீபோர்டும் போச்சா?" பாஸ்வேர்டு திரையில் தெரியாது என்று அவளுக்குப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு எதுவுமே தெரியாமல்தானே இத்தனை வருஷம் அடிக்கிறேன் என்றேன். அப்புறம்தான் சிரித்தாள்.

போன் வழியாக நெட் வந்துவிட்டது. நெட் சிப் ரியல்டெக், எண் 8125. சவுண்டும் ரியல்டெக், 897. அடுத்து என்ன என்று உடனே எழுது. மானிட்டரைச் சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சித்தி போன் செய்தாள். மாடி அறையில் கட்டில் போட்டாயிற்றாம், நான் தடுக்கி விழாமல் இருக்க மாடிப்படிக்குக் கதவு வைத்துத் தாழ்ப்பாளும் போட்டாயிற்றாம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அவள் அதைப் பாசமாகத்தான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா அண்ணா?

அனிஷா

---

கடலில்
15 அக்டோபர்

அன்புள்ள அனிஷா,

8125க்கு டிரைவர் தனியாகக் கிடைக்கும். சவுண்டுக்குக் கெர்னலையே, அதாவது லினக்ஸின் அடித்தளத்தையே, அடுத்த பதிப்புக்கு ஏற்ற வேண்டும். பெடலும் சுருக்கெழுத்தும் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் கட்டளைகள் தனியாக வருகின்றன. பாதியில் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்காது, அதனால் மழை இல்லாத வேளையில் செய்.

முடியாவிட்டால் விட்டுவிடு. கொழும்பில் நான் பார்த்துக்கொள்கிறேன். வேலை போனால் போகட்டும். கஸ்பார் வாத்தியார் குடும்பம் நம் வீட்டை வாடகைக்குக் கேட்கிறார்கள், நல்ல மனிதர்கள். அந்தப் பெட்டியோடு நீ மல்லுக்கட்டுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரொனால்டு

---

திண்டுக்கல்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை மழை விட்ட நேரம் பார்த்து இரண்டையும் ஏற்றினோம். மறுபடி ஆன் செய்ததும் போனைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து வருகிற நெட் வயரைச் சொருகினேன். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சத்தம் மட்டும் வரவில்லை. திரையில் சவுண்டு ஓடுவதாகத்தான் காட்டுகிறது என்றாள். ஸ்பீக்கரை மாற்றினோம், எல்லா ஓட்டையிலும் சொருகிப் பார்த்தோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அன்றைக்கு நான் அழுதேன். சேவுகம்பட்டிக்கு எந்தச் சேலைகளை எடுத்துப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சனிக்கிழமை பாண்டியராஜ் மானிட்டரை வாங்க வந்தார். காதர் பீவி அக்கா கேபிளை உருவினாள். உருவினதுதான் தாமதம், ஸ்பீக்கர் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டது. பாண்டியராஜ்தான் விளக்கினார். சத்தமெல்லாம் கேபிள் வழியாக மானிட்டருக்குப் போயிருக்கிறது. மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை. முந்தின நாளே அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கேட்கத்தான் வழி இல்லை. என்னிடம் மானிட்டரே கிடையாது, அதனால் எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கெல்லாம் மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டரை நினைக்கவே வராது, அதனால் உங்களுக்கும் தோன்றவில்லை.

நேற்றே இரண்டு டாக்டர்களின் பதிவுகளை முடித்து அனுப்பிவிட்டேன். கம்பெனியிலிருந்து பதில் வந்தது. என் டாக்டர்கள் எனக்கேதான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் சேவுகம்பட்டிக்குப் போகவில்லை. சித்தியிடம் சொல்லிவிட்டேன். கஸ்பார் வாத்தியாரிடம் நீயே சொல்லிவிடு.

இன்னொன்று. நீ உள்ளே நுழைகிற வழியை நேற்று மூடிவிட்டேன். எப்படி மூடுவது என்று நெட்டில் தேடிப் படித்து நானே செய்தேன். அம்மா போனதிலிருந்து இந்தக் கம்ப்யூட்டர் கெடும்வரை நீ எனக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் உள்ளே நுழைந்து, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று பார்த்தாய். ஓடினால் தங்கை நலம் என்று எடுத்துக்கொண்டாய். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த ஆடி மாதத்திலும் அது நன்றாகத்தான் ஓடியது. இந்தப் பத்து நாளில் கட்டளைகளைத் தவிர நீ எழுதியது இரண்டு கடிதம், இரண்டையும் சிப்பில்தான் ஆரம்பித்தாய், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. கோபத்தில் எழுதவில்லை அண்ணா, வருத்தத்தில் எழுதுகிறேன்.

உன் அன்புத் தங்கை,
அனிஷா

---

கொழும்பு
23 அக்டோபர்

அன்புள்ள அனிஷாவுக்கு,

கஸ்பார் வாத்தியாருக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டேன். சித்தியிடமும் பேசினேன். கட்டிலுக்காக அழுதாள், சரியாகிவிடுவாள்.

துறைமுகத்தில் நெட் கிடைத்ததும் பழக்க தோஷத்தில் உள்ளே நுழையப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. இனி உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

ஆடி மாதம் வந்தது என்ன காய்ச்சல்? யார் பார்த்துக்கொண்டது? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

ரொனால்டு