விட்டுத்தர முடியாத விடுப்பு

அன்புள்ள கண்டக்டர் அம்மாவுக்கு,

இங்கே நானும் நம் குட்டிப் பாப்பாவும் நலம். குழு வேலையாகப் போன இடத்தில் நீ நலமாக இருப்பதைத்தான் பத்திரிகைப் படத்திலேயே பார்த்தேனே. 'ஆண் பெண் சமத்துவக் கொள்கைக் குழு' என்று கீழே போட்டிருந்தது. உன் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் நிற்கிறார். அவர் என்ன சொன்னார் என்று அப்படிச் சிரிக்கிறாய்? இத்தனை வருடம் நான் ஓட்டிய பஸ்ஸில்தான் நீ டிக்கெட் கிழித்தாய், எனக்கு அந்தச் சிரிப்பு கிடைத்ததே இல்லை. பொறாமைதான், மறைப்பானேன். வயிறு எரிகிறது.

நம் டிப்போவிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்த முதல் அப்பா என்று என்னை அறிக்கையில் எழுதுவீர்கள். டீக்கடையில் என் பெயர் ஆயாம்மா. "என்ன ஆயாம்மா, பால ஆத்தியாச்சா?" என்று டைம்கீப்பர் கேட்க, கடையே சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என் வண்டியை இப்போது மாற்று டிரைவர் ஓட்டுகிறான். தெருமுனையில் அவன் கியர் போடும் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது.

டிப்போவில் குழந்தைக்குத் துணி மாற்ற மேசை போடச் சொன்னீர்களே, புண்ணியவதிகளா, அதைப் பெண்கள் கழிப்பறைக்குள் போட்டிருக்கிறார்கள். நான் வாசலில் நின்று பேந்தப் பேந்த விழித்தேன். கடைசியில் மெக்கானிக் பெஞ்சில் ஸ்பேனர்களைத் தள்ளிவிட்டு மாற்றினேன். சமத்துவம் எழுதும்போது அந்த மேசையையும் கொஞ்சம் வெளியே நகர்த்தச் சொல்.

தடுப்பூசிக்குப் போனோம். "அம்மா வரலையா?" என்றார் நர்ஸ். ஊசி போட்டதும் இவள் வீறிட்டாள். "குடுங்க, பொம்பள கை பட்டாத்தான் அடங்கும்" என்று வாங்கிக்கொண்டார். எங்கே அடங்கினாள்? என் தோளுக்குத் தாவி வந்த பிறகுதான் ஓய்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். உன் குரல் கேட்டதும் போனைப் பிடித்து நக்கினாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி வயிறு எரிந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கொடுக்கும் விடுப்பை அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா கூடாதா என்று அடுத்த வாரம் ஓட்டெடுப்பு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, உன் ஓட்டில்தான் முடியும் என்று எழுதியிருந்தாய். மாற்றலாம் என்றால் அம்மாக்களுக்குத்தானே லாபம் என்கிறாராம் கண்ணாடிக்காரர். சொல்வார். டைம்கீப்பரும் அதைத்தான் சொல்கிறான். "மாத்தலாம்னு மட்டும் வரட்டும், அன்னைக்கே வீட்டுக்காரி பேருக்கு எழுதிக் குடுத்துட்டு டூட்டிக்கு வந்துருவேன்" என்கிறான். எனக்கும் அப்படி ஒரு வழி இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். உன் தலையில் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பேன். இவளுக்கு இடது பக்கம் சாய்த்தால்தான் தூக்கம் வரும் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதனால் கூடாது என்றே கை தூக்கு. அப்பாவின் விடுப்பை யாருக்கும் கொடுக்க முடியாதபடி எழுதிவிடு. உனக்கும்கூட.

நல்லபடியாக முடித்துவிட்டுச் சீக்கிரம் வந்து சேர். வந்ததும் ஆசைதீரத் தூக்கிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் விடுப்பு முடிகிறவரை தூங்கவைப்பது மட்டும் நானாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் டிரைவர்