டைப் அடித்து வந்த புகார்

அன்பு மகனுக்கு,

உடம்பு தேவலை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். காலையில் நீ கொண்டுவந்த புகார்த் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. முப்பது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறேன். டப்பாவைத் திறந்து பார்க்க விடாதவனிடம் நான் சரக்கு எடுப்பதில்லை. நீ தாளைப் படிக்கவிடாமல் பேனாவை நீட்டினாய்.

நீ வைத்துவிட்டுப் போன பிறகுதான் படித்தேன். 'டாக்டர் உத்தரவு இல்லாமல் நர்ஸ் தன் இஷ்டத்துக்கு ஊசி போட்டார்' என்கிறது தாள். உண்மைதான், போட்டாள். டிரிப்ஸில் ஏற்றிய மருந்து ஒத்துக்கொள்ளாமல் என் தொண்டை அடைத்து, மூச்சு முட்டியது. டியூட்டி டாக்டரான உன்னை அவள் நான்கு முறை போனில் கூப்பிட்டாள்; நீ எடுக்கவில்லை.

"டாக்டர் சொல்லாம போட்டா வேலை போயிடும்டி" என்று இன்னொரு நர்ஸ் பதறினாள்.

"வேலை போனா வேற தேடிக்கலாம். பெரியவருக்கு மூச்சு போனா எங்கடி தேடுறது?" என்று சொல்லிக்கொண்டே இவள் என் தொடையில் ஊசியைக் குத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது.

அந்த நான்கு அழைப்பைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, கையில் கார் சாவியோடு வந்தாய். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. உன் அம்மாவிடம், நீ ஆபரேஷனில் இருந்ததாகச் சொல்லிவைத்தேன். இனி யாரிடமும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கண்ணால் பார்த்ததை நானே எழுதி வைத்திருக்கிறேன். நாளை பத்து மணிக்குப் பெரிய டாக்டரிடம் கொடுப்பேன். ஒன்பதுக்கே நீ போய் உண்மையைச் சொல்லிவிடு. அவர் அதை உன் வாயால் கேட்கட்டும்.

உன் அப்பா