பெயருக்கு நேரே பென்சிலில் எட்டு

பெஸ்ஸெமர், அலபாமா
அக்டோபர் 9, செவ்வாய்

அன்புள்ள ஜனீலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அலாஸ்கா குளிரில் நீயும் பிள்ளையும் கர்த்தர் கிருபையால் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எடை குறைக்கும் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய், வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே. போன செவ்வாய் வகுப்பு நடத்துகிற ஹேலி தாளைப் புரட்டியபோது முதலில் என் கண்ணில் பட்டது, என் பெயருக்கு நேரே, குறைக்க வேண்டிய பவுண்டு என்று பென்சிலில் எழுதியிருந்த எட்டு. கோனி என்கிற வெள்ளைக்காரம்மாவுக்கும் என் எடைதான், ஒரே நாளில்தான் சேர்ந்தோம், அவள் பெயருக்கு நேரே பதினாறு. பிப்ரவரிக்குள் பதினாறு பவுண்டு குறைந்தால்தான் முட்டி ஆபரேஷனுக்குத் தேதி, இல்லாவிட்டால் வரிசையிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவளா? பத்தாவதோடு பள்ளியை விட்ட நாளிலிருந்து தாளும் பேனாவுமாக நிற்பவர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு, எனக்கு மட்டும் ஏன் எட்டு என்று ஹேலியிடம் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் முகம் சிவந்து, “தப்பா எடுத்துக்காதீங்க மிஸ் லவோன், உங்க குரூப்ல சராசரியா பாதிதான் குறையுது, நீங்க மனசு உடைஞ்சிடக் கூடாதேன்னுதான்” என்றாள். “எந்த குரூப்பும்மா, சர்ச் பாட்டுக் குழுவா?” என்றேன். நம்மைப் போன்ற கறுப்புப் பெண்களுக்கு எடை அவ்வளவாக இறங்காது என்று எங்கோ எண்ணிப் பார்த்தார்களாம். எண்ணினவர்கள் என் தெருவில் நடைபாதை இருக்கிறதா, அவிழ்த்துவிட்ட நாய் எத்தனை என்றும் எண்ணியிருக்கலாம். கோனிக்கு அவள் புருஷன் சமைத்துப் போடுகிறான். நான் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து அடுப்பு பற்றவைக்கிறேன். ஹேலி கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலில் நம் வீட்டு அடுப்பில் ஏறுகிற ஒன்றுகூட இல்லை. உடற்பயிற்சியில் வியர்த்தால், நாலு மணி நேரம் உட்கார்ந்து சூடு வைத்து நேராக்கின தலைமுடி சுருண்டுபோகும் என்றால், தொப்பி போட்டுக்கோங்க என்கிறாள்.

ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், ஏழு வாரத்தில் மூன்று பவுண்டுதான் இறங்கியிருக்கிறது, சாப்பிடுவதையெல்லாம் வகுப்பில் சொன்னபடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தும். சனிக்கிழமை நம் சர்ச் மூப்பர் டீக்கன் ஹோலிஸின் அடக்கம், சர்ச் சமையலறையில் நூற்றிருபது பேருக்கு நான்தான் சமையல். முப்பது வருஷமாக என்னோடு கிண்டுகிற அர்னெட்டா, “ஏய் லவோன், அந்தக் கரண்டி வாய்க்குப் போறது பதினோராவது தடவைடி, நோட்டுல ஏறுதா?” என்றாள். “உக்காந்து ஜெபம் சொல்லாம வாயில போடறதெல்லாம் சாப்பாடாடி?” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஏழு வாரமாக ஜெபம் சொல்லிச் சாப்பிட்டதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதற்குள் மூன்று அடக்கம், ஒரு சர்ச் ஆண்டுவிழா, ருசி பார்த்த மாக்கரோனி சீஸ் ஒரு கரண்டிகூட நோட்டில் இல்லை. அர்னெட்டா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “எடை மெஷினுக்கு ஜெபமெல்லாம் தெரியாதுடி” என்று.

என் மேல் எனக்கே கோபம், ஆனால் ஹேலி மேல் அதைவிடக் கோபம். கோனிக்கு ஒரு வாரம் இறங்கவில்லை என்றதும் அவள் நோட்டை வரி வரியாகப் பார்த்தவள், என் மூன்றைப் பார்த்து, பரவாயில்லை மிஸ் லவோன் என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். எட்டு என்று முன்கூட்டியே எழுதிவிட்டவளுக்கு மூன்றைப் பார்த்து ஏன் என்று கேட்கத் தோன்றுமா? இப்போது கரண்டிக்குக் கரண்டி ஜெபம் சொல்லி எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பக்கம் ஆயிற்று.

பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மார்ச்சில் இரண்டு வாரம் விடுப்பு இப்போதே கேட்டு வை, ஆபரேஷன் முடிந்து வந்தால் என்னைக் கைபிடித்து நடத்த ஆள் வேண்டும். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இன்றைக்கு வகுப்பில் நோட்டை ஹேலி முன்னால் விரித்து வைத்தேன், அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, எட்டை அழித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினேன்.

உன் அம்மா,
லவோன்