பொட்டு வைத்த பிளாப்பிகள்

அக். 8, சனி

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் வரை நின்றுகொண்டே பயணம். செருப்பு வார் பிய்ந்தது.

இன்றைய வேலை: மிஷின் 9. பத்து தடவை ஆன் செய்தும் சர்வரிடம் அட்ரஸ் கேட்டுக் கேட்டு, புள்ளி புள்ளியாகப் போட்டதே தவிர எழவில்லை. நெட்வொர்க் கார்டை மாற்றினேன். வயரெல்லாம் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியில் வேறு ஓட்டையில் செருகினேன். வயர் விற்ற கடைக்காரனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் நான் கிரிம்ப் செய்து மாட்டிய வயர் முனையிலேயே பச்சையும் நீலமும் இடம் மாறிக் கிடக்கிறது. இரண்டு மணி நேரம் தண்டம். கடைக்காரா, மன்னித்துக்கொள்.

எழுந்தவை: 1 முதல் 9. பாக்கி: 10, 11, 12. எழுந்ததும் முழுசாக எழவில்லை. சாம்பல் திரை, நடுவில் ஒரு பெருக்கல் குறி. பேர் கேட்கும் பெட்டி வரவே இல்லை. வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் இறங்கி சர்வரில் ஓடுகிற லினக்ஸ் தெரிந்தவர்கள் குழுவுக்கு மெயில் போட்டேன்.

சார் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவார். கம்ப்யூட்டர் என்றால் பயம். எந்த ஆபீஸோ கழித்துப்போட்ட பன்னிரண்டு மிஷின், ஹார்டு டிஸ்க்கூட இல்லாதவை. சமையல் எல்லாம் ஒரே சர்வரில், மற்றதெல்லாம் வெறும் இலை சார், என்று வாய் கிழியப் பேசி வாங்க வைத்தது நான்.

"விஜயதசமிக்கு ஒம்பதேகாலுக்கு நல்ல நேரம்மா. பன்னெண்டு பிள்ளைகளும் உக்காரணும். ஓடலைன்னா எடைக்குப் போட்டுட்டு ஹாலை மச்சினன்கிட்ட குடுத்துருவேன். ஜெராக்ஸ் கடைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அப்போது என் வேலை?  

பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. எரிச்சல்.

அக். 9, ஞாயிறு

வெயில். "ஞாயித்துக்கிழமையுமா போறே?" — அம்மா. போனேன்.

பதில் வந்திருந்தது! முகம் தெரியாத ஆள், எந்த ஊரோ. மூன்றே வரி. சர்வரில் ஒரு இடத்தில் "வெளியிலிருந்து வருகிறவர்களைச் சேர்க்காதே" என்று இருக்கிறதாம், அதை மாற்று என்கிறார். மாற்றினேன். ஒன்பது திரையிலும் பேர் கேட்கும் பெட்டி. தனியாக நின்று கைதட்டினேன். அந்த மனுசன் நூறு வயசு இருக்கட்டும்.

பெருக்குகிற அம்மா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், யாரு?" என்றது. ஒன்றுமில்லை என்றேன்.

அக். 10, திங்கள்

10, 11, 12-க்கு வயர் இழுத்தாச்சு. இன்று என் கிரிம்ப் எல்லாம் சரி.

அவற்றுக்கும் பிளாப்பி எழுதினேன், மிஷினுக்கு ஒன்றாக மொத்தம் பன்னிரண்டு. ஆன் ஆகும்போது சர்வர் எங்கே என்று தேடிப் பிடிக்கிற சின்ன புரோகிராம் அதில்தான். அது இல்லாவிட்டால் மிஷின் கண் திறக்காது. எண் எழுதி ஒட்டினேன்.

மாலை நாலுக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டும்! சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லையேம்மா" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் வராது. பஸ்ஸில் ஜன்னல் சீட் வேறு. நல்ல நாள்.

அக். 11, செவ்வாய். ஆயுத பூஜை

காலையிலிருந்து கழுவல், துடைப்பு. வாழைக்கன்று, மாவிலை. டைப்ரைட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். என் பிளாப்பிகளும் பூஜைத் தட்டில். பெருக்குகிற அம்மாவிடம் சார், "ஒண்ணு விடாம பொட்டு வைங்க. மாடியிலயும்."

மதியம் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேனே என்றேன். சார் பதறிவிட்டார். "பூஜையில வச்சாச்சும்மா. நாளைக்கு நல்ல நேரத்துலதான் தொடணும். ஒரு பட்டனத் தொடக்கூடாது."

பொரி, கடலை, சுண்டல். சார் போனில் வீட்டம்மாவிடம் அவர்கள் பாஷையில் பேசினார். சௌராஷ்டிரா பாஷை எனக்குப் புரியாது. நடுவில் என் பேர் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. நல்லதாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக். 12, புதன். விஜயதசமி

 வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பதுக்கே பன்னிரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பட்டுப்பாவாடை, தலை நிறைய பூ. இரண்டு பேரின் அப்பாக்கள் வாசலில். ஒன்பதேகால், சார் சூடம் காட்டினார். சர்வரை முதலில் போட்டேன், எழுந்தது. பூஜைத் தட்டிலிருந்து பிளாப்பிகளை எடுத்து 1, 2, 3-இல் போட்டு ஆன் செய்தேன். மூன்றும் கர்ர், கர்ர் என்று அரைத்தன. திரையில் ஒன்றுமில்லை.

நாலாவதைச் செருகும்போதுதான் விரலில் ஈரம். பார்த்தேன். லேபிளில் சந்தனம். இரும்புத் தகட்டில் குங்குமம். தகட்டைத் தள்ளினால் உள்ளே கறுப்பு வட்டில், அச்சடித்த மாதிரி ஒரு பொட்டு. எல்லாவற்றிலும் அப்படியே.

கத்திவிட்டேன். "பாண்டியம்மா! யாரு இதுல வைக்கச் சொன்னது? அறிவிருக்கா?" பிள்ளைகள், அப்பாக்கள் எல்லாருக்கும் கேட்டது.

"சார்தான் ஒண்ணு விடாம வைக்கச் சொன்னாரு டீச்சர். தகட்டத் தள்ளுனா உள்ள வட்டமா இருந்துச்சு, நெத்தி கணக்கா. அதுக்கும் வச்சேன்."

புதிதாக எழுத வெற்று பிளாப்பி வேண்டும். கடை எல்லாம் பூஜை லீவு. எண்ணிப் பார்த்தேன், தட்டில் பதினொன்றுதான் இருந்திருக்கிறது. பன்னிரண்டாவது, திங்கள் சாயங்காலம் 7-க்குள்ளேயே விட்டுவிட்டுப் போனது. 7-ஐத் தட்டினேன். எழுந்து பேர் கேட்டது. பன்னிரண்டில் ஒன்று. மற்ற பிள்ளைகள் இருட்டுத் திரை முன்னால் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சார் செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மச்சினனுக்குத்தான், வேறு யாருக்கு. எனக்கு அழுகை முட்டியது.

பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "டீச்சர், ஏழுதான் எந்திரிச்சிருச்சுல்ல. இனி அதுக்கு அந்த அட்டை எதுக்கு? உருவி எட்டுல போட்டா ஆகாதா?"

பாண்டியம்மாதான்.

ஆகும்! சர்வரைப் பிடித்துவிட்ட பிறகு மிஷினுக்கு பிளாப்பி வேண்டாம். எனக்குத் தெரிந்ததுதான். படித்ததுதான். அந்த நேரத்தில் மூளையில் இல்லை. உருவினேன், 7 அப்படியே நின்றது. 8. பிறகு 9, 10, 11, 12. திரும்பி வந்து 4, 5, 6. ஒவ்வொன்றும் எழுந்து பேர் கேட்க, கேட்க, பிள்ளைகள் "ஏய் எனக்கு வந்துருச்சு" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

பாக்கி 1, 2, 3. அந்த டிரைவுகளுக்குள் குங்குமம். இருக்கிற ஒரே பிளாப்பியை அதில் விட பயம். "என்ன வேணும் டீச்சர், துடைக்கவா? இருங்க வாரேன்" என்று இறங்கி ஓடினார். அடுத்த தெரு ஆஸ்பத்திரியிலும் பெருக்குகிறாராம். ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். டிரைவைக் கழற்றித் துடைத்தேன், பஞ்சு சிவப்பாக வந்தது. அவர் டார்ச் பிடித்தார். மணி பத்து பத்துக்குப் பன்னிரண்டும் எழுந்தன. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது.

சார் போனைப் பையில் போட்டார்.

அக். 13, வியாழன்

மழை, ஒருவழியாக. புது பிளாப்பி ஒரு டப்பா. பன்னிரண்டு எழுதி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் கைப்பையில். பழைய ஒன்று மட்டும் 7 பக்கத்தில்.

"மச்சினன வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன்" — சார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சாமி, நன்றி.

பாண்டியம்மா அக்காவிடம் போனேன். நேற்று எல்லார் முன்னாலும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்றேன். துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"திட்டுறப்பவாச்சும் எம்பேரு ஒங்க வாயில வந்துச்சே டீச்சர். ஆறு மாசமா 'இந்தாங்க', 'இங்க பாருங்க'தான்."

பேர் முதல் நாளே தெரியும். கூப்பிடத்தான் தோன்றவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது. 

அக். 14, வெள்ளி

வகுப்பு நன்றாகப் போனது. ஒருத்தி பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறாள். செருப்பு தைக்கக் கொடுத்தேன்.

அக். 17, திங்கள்

திருப்பரங்குன்றம் தாண்டி பஸ் பஞ்சர். அடுத்த பஸ் கூட்டம், நிற்கவில்லை. வகுப்பு ஒன்பதுக்கு, நான் போய்ச் சேர்ந்தது ஒன்பதே முக்கால். பீரோ சாவி என்னிடம். பிள்ளைகள் படியில் நிற்பார்கள், சார் மறுபடி போனை எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன்.

பன்னிரண்டு திரையும் எரிகிறது. பன்னிரண்டு பிள்ளைகளும் டைப் அடிக்கிறார்கள். சார் கீழே பேப்பர் படிக்கிறார், எதுவும் தெரியாது.

"சர்வர மொதல்ல போட்டேன் டீச்சர். அது எந்திரிச்சப்பறம் அந்த ஒத்த அட்டைய எடுத்து ஒவ்வொண்ணா. நீங்க செஞ்சதப் பாத்தேன்ல, அம்புட்டுதான்."

நான் இல்லாமலே ஓடுகிறது. மனசில் கொஞ்சம் பொறாமை, பொய் சொல்வானேன். மற்றதெல்லாம் சந்தோஷம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாண்டியம்மா அக்கா, ரொம்ப நன்றி" என்றேன், சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"அது கெடக்கட்டும். நாலாம் நம்பருல மவுச ஆட்டுனாலும் அந்த அம்பு நகர மாட்டேங்குது. மொதல்ல அதப் பாருங்க."